பெயர் தென்னமரம்... நிற்பது செம்பனை!

கோலாலம்பூரிலிருந்து வடமேற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் பெஸ்தாரி ஜெயா என்ற சின்ன ஊர் வரும். 2007 வரை இதன் பெயர் பத்தாங் பெர்ஜுந்தாய். மலேசியாவுக்குச் சுற்றுலா போகும் நம்மூர்க்காரர்களில் பலர் இந்தப் பகுதியைக் கடந்திருப்பார்கள். ஆனால் பெரும்பாலும் இருட்டு நேரத்தில்தான். கோல சிலாங்கூரின் கம்போங் குவாந்தானில், ஆற்றங்கரை மரங்களில் கோடி விளக்கு போட்டதுபோல மின்னும் மின்மினிகளைப் படகில் போய்ப் பார்க்கிற அவசரம் அவர்களுக்கு.

பகலில் போனால் வேறொன்று கண்ணில் படும். சாலையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரம். ஒரே உயரம், ஒரே இடைவெளி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சை. தென்னையா என்றால் இல்லை. மட்டை முள்ளாக இருக்கிறது. ஈச்சையா என்றால் அதுவும் இல்லை. தண்டு அத்தனை பருமன். மட்டை இடுக்கில், கறுப்பும் சிவப்புமாகக் கைக்குள் அடங்கும் பழங்கள் நூற்றுக்கணக்கில் திரண்ட பெரிய குலைகள். மலேசியத் தமிழர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் செம்பனை. நம்மூர் ரேஷன் கடையில் பாக்கெட்டில் வாங்கும் பாமாயில் இந்தப் பழத்திலிருந்து வருவதுதான்.

இந்த மரத்தின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. மலேசியாவில் வணிகத்துக்காக முதன்முதலில் இதை நட்ட தோட்டம் இருப்பது இந்தப் பகுதியில்தான். அந்தத் தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம்!

ஆமாம், நாம் பேசுகிற அதே தமிழ்ச் சொல். மலேசிய வரைபடத்திலும் அரசு ஆவணங்களிலும் அப்படியேதான் இருக்கிறது. ஆப்பிரிக்க மரத்தின் ஆசியக் கதைக்கு முகவரியாக ஒரு தமிழ்ப் பெயர். அந்தப் பெயரைப் பேசியவர்கள் இன்று எங்கே என்பது அந்தக் கதையின் இன்னொரு பாதி.

நான்கு கன்றுகள்

1848-ல் ஜாவா தீவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு நான்கு செம்பனைக் கன்றுகள் வந்து சேர்ந்தன. இரண்டு இந்தியப் பெருங்கடல் தீவுகளின் வழியாகவும், இரண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் வந்தவை. அவற்றின் பிள்ளைகள் சுமத்ராவின் டெலி பகுதிக்குப் போயின. அங்கே புகையிலைத் தோட்டப் பாதைகளில் அழகுக்காக மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டன. எண்ணெய் எடுக்க வேண்டும் என்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவில் ரப்பர் தோட்டம் நடத்தியவர். தொழிலாளர்களோடு பேசுவதற்காகத் தமிழும் மலாயும் கற்றுக்கொண்டவர். பிற்காலத்தில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசும் வாங்கினார். சுமத்ராவிலிருந்து விதை கொண்டுவந்த அவர், 1917-ல் தென்னமரம் தோட்டத்தில், சரியாக வராத காபிப் பயிருக்குப் பதிலாகச் செம்பனையை நட்டார்.

சிலாங்கூரில் அப்போது காடு திருத்தியது, பால் மரம் சீவியது, குழி வெட்டியது எல்லாம் பெரும்பாலும் தமிழர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, கங்காணியின் பின்னால் தோட்டத்துக்கு வந்தவர்கள். தமிழ்நாட்டு ஊர்களில் "மலேயாவுக்குப் போன தாத்தா" என்று ஒருவர் பல குடும்பங்களில் இருப்பதற்குக் காரணம் இந்தப் பயணம்தான்.

அம்மா டூரா, அப்பா பிசிஃபெரா

1917-ல் நட்ட மரமும் இன்று நிற்கிற மரமும் ஒன்றல்ல. அன்று நட்டது டூரா. பழத்துக்குள் தடித்த ஓடு. எண்ணெய் தரும் சதை குறைவு. இதற்கு நேர்மாறான இன்னொரு வகையின் பெயர் பிசிஃபெரா. அதற்கு ஓடே கிடையாது. ஆனால் பெண் பூக்கள் பெரும்பாலும் காய்ப்பிடிக்காமல் உதிர்ந்துவிடும். ஒன்றில் ஓடு அதிகம், இன்னொன்றில் குலையே இல்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு: டெனெரா. மெல்லிய ஓடு, நிறைய சதை. இதை நட வேண்டும் என்று எல்லாரும் ஆசைப்பட்டார்கள். ஆனால் டெனெரா பழத்தின் விதையை எடுத்து நட்டால் எல்லாம் டெனெராவாக வரவில்லை. சில டூராவாகின, சில பிசிஃபெராவாகின. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

விடை கிடைத்தது ஆப்பிரிக்காவில். காங்கோ ஆற்றங்கரையில் உள்ள யங்காம்பி ஆராய்ச்சி நிலையத்தில், பெய்ர்னார்ட், வாண்டர்வெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மரங்களை வகை பிரித்து எண்ணிப் பார்த்தார்கள். 1941-ல் வெளியான அவர்களது முடிவு ரொம்ப எளிமையானது. டெனெரா தனி இனம் அல்ல. டூராவுக்கும் பிசிஃபெராவுக்கும் பிறந்த கலப்புப் பிள்ளை. ஓட்டின் தடிமனைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு. டெனெராவிடம் அம்மாவின் பிரதி ஒன்று, அப்பாவின் பிரதி ஒன்று. டெனெராவோடு டெனெரா சேர்ந்தால் நான்கில் ஒன்று டூரா, ஒன்று பிசிஃபெரா, இரண்டுதான் டெனெரா. அந்த மரபணு எது என்பதையே மலேசிய ஆய்வாளர்கள் குழு 2013-ல் கண்டுபிடித்துவிட்டது. இப்போது நாற்றின் இலைத் துணுக்கைச் சோதித்தே அது எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

டெலியிலிருந்து வந்த டூராவை அம்மாவாகவும், ஆப்பிரிக்கப் பிசிஃபெராவை அப்பாவாகவும் வைத்து 1960-களில் மலேசியா டெனெராவுக்கு மாறியது. ஒவ்வொரு தலைமுறைக்கும் இந்தக் கல்யாணத்தைப் புதிதாகச் செய்து வைத்தே ஆக வேண்டும். டூரா மரத்தின் பெண் பூங்கொத்து விரியும் முன்பே பைபோட்டு மூடுவார்கள். வேறு மகரந்தம் ஒட்டக்கூடாது. சரியான நாளில் பிசிஃபெராவின் மகரந்தத்தை உள்ளே ஊதுவார்கள். விதைப்பண்ணைகளின் தொழில் இதுதான்.

அதனால் இந்த மரத்தை வளர்க்க நினைப்பவர்களுக்கு முதல் பாடம், மரத்தடியில் கிடக்கும் பழத்தைப் பொறுக்கி நடாதீர்கள். பாதிதான் டெனெரா வரும். மீதியில் காய்க்காத மரங்களும் இருக்கும். அது தெரியவே மூன்று வருடம் ஆகும்.

நாற்றிலிருந்து வயலுக்கு

செம்பனை விதை லேசில் முளைக்காது. சுமார் 40 டிகிரி வெப்பத்தில் இரண்டு மாதம் வரை வைத்து, பிறகு ஈரப்படுத்திக் குளிரவிட்டால்தான் தூக்கம் கலையும். முளைத்த விதை சின்னப் பையில் மூன்று மாதம் நிழலில் இருக்கும். பிறகு பெரிய பைக்கு மாறி வெயிலுக்கு வரும். மொத்தம் ஒரு வருடம் நாற்றங்காலில்தான்.

இங்கே இரக்கம் பார்க்கக்கூடாது என்பது தோட்டக்காரர்களின் அனுபவம். குட்டையாக நிற்பது, புல் மாதிரி ஒல்லியாக நீள்வது, இலை விரியாதது என நூற்றில் 20 முதல் 25 நாற்றுகளைக் கழித்துவிடுவது சாதாரணம். நாற்றில் தயவு காட்டினால் 25 வருடம் அந்த இடம் வீண்.

நடுவது முக்கோண முறையில். மரத்துக்கு மரம் 9 மீட்டர். ஒரு ஹெக்டேருக்கு 143 மரம்; நம் கணக்கில் ஏக்கருக்கு 57. நெருக்கி நட்டால் ஒன்றன் மட்டை இன்னொன்றின் வெயிலை மறைத்துவிடும். நடுவில் பயறு இனத்தைச் சேர்ந்த கொடியைப் படரவிடுகிறார்கள். அது களையை அமுக்கும், மண்ணை மூடும், தழைச்சத்தும் தரும்.

உரத்தில் சாம்பல்சத்துக்கு முதலிடம். குலையோடு அதிகம் வெளியேறுவது அதுதான். மக்னீசியம் குறைந்தால் அடிமட்டைகள் ஆரஞ்சு நிறமாகும். போரான் குறைந்தால் இலை நுனி கொக்கிபோல வளையும். வெட்டிய மட்டையை எரிப்பதில்லை. வரிசைக்கு நடுவே அடுக்கி மக்கவிடுகிறார்கள்.

எலிதான் பெரிய திருடன். மருந்து வைப்பதைக் குறைக்கப் பல தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். கூகை ஆந்தை குடும்பம் நடத்த வைத்த வீடு அது. காண்டாமிருக வண்டு இளங்குருத்தைத் துளைக்கும். கேனோடெர்மா என்ற பூஞ்சை அடித்தண்டை உள்ளுக்குள்ளேயே அரிக்கும். வெளியே தெரியும்போது பெரும்பாலும் மரத்தைக் காப்பாற்ற முடிவதில்லை.

இரண்டு வருடம் நினைவு வைத்திருக்கும் மரம்

ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும் ஒரு பூங்கொத்து. அது ஆணாகுமா பெண்ணாகுமா என்பதைப் பூப்பதற்குச் சுமார் இரண்டு வருடம் முன்பே மரம் முடிவு செய்துவிடுகிறது. அப்போது தண்ணீர் கிடைக்காவிட்டால் ஆண் பூ அதிகமாகும். குலை பெண் பூவில்தான். இந்த வருடம் மரத்தைக் காயவிட்டால், இரண்டு வருடம் கழித்துக் குலை குறையும். அதற்குள் மழை கொட்டியிருந்தாலும் பலனில்லை.

ஒரே மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் இருந்தாலும் ஒரே நேரத்தில் பூப்பதில்லை. அதனால் மகரந்தம் இன்னொரு மரத்திலிருந்துதான் வர வேண்டும். மலேசியாவில் 1980 வரை காய்ப்பிடிப்பு சரியில்லாத தோட்டங்களில், மரம் மரமாகப் போய்க் கையால் மகரந்தம் தூவினார்கள் தொழிலாளர்கள். காற்று செய்ய வேண்டிய வேலையை மனிதர்கள் செய்வதாகவே எல்லாரும் நம்பினார்கள்.

"ஆப்பிரிக்காவில் யாரும் கையால் தூவுவதில்லையே, அங்கே எப்படிக் காய்க்கிறது?" என்பதுதான் சிக்கலை அவிழ்த்த கேள்வி. லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகியின் முயற்சியில், ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் கேமரூனுக்குப் போய் ஆராய்ந்தார். அரிசி அளவே உள்ள ஒரு கூன்வண்டுதான் ஆள் என்று தெரிந்தது. பூக்கும்போது செம்பனைப் பூவில் சோம்பு வாசனை வரும். ஆண் பூவில் வண்டுக்குச் சாப்பாடும் முட்டையிட இடமும் உண்டு. பெண் பூவில் எதுவும் இல்லை, வாசனை மட்டும்தான். அதை நம்பிப் போகும் வண்டு, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை உதிர்த்துவிட்டு வருகிறது.

சோதனைகளுக்குப் பிறகு 1981-ல் ஜொகூர் மாநிலத் தோட்டம் ஒன்றில் இந்த வண்டுகள் விடப்பட்டன. கையால் தூவும் வேலை முடிவுக்கு வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து மரத்தைக் கொண்டுவந்து நூறு வருடத்துக்கு மேல் கழித்துத்தான், அதன் கூட்டாளியைக் கூப்பிட வேண்டும் என்று மனிதர்களுக்குத் தோன்றியிருக்கிறது!

குலை வெட்டும் கை

நட்ட மூன்றாம் வருடம் அறுவடை தொடங்கும். பிறகு 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை, வருடம் முழுக்க. மரத்தடியில் உதிரிப் பழம் கிடந்தால் குலை பழுத்துவிட்டது என்று அர்த்தம். இள மரமென்றால் உளி போன்ற கருவியால் குத்தி எடுப்பார்கள். மரம் உயர்ந்த பிறகு நீண்ட அலுமினியக் கழியின் நுனியில் அரிவாள். கழுத்தை அண்ணாந்து, முதலில் மட்டையை வெட்ட வேண்டும், பிறகு குலையை. முள்ளோடு 20 கிலோ குலை மேலிருந்து விழும். எந்தப் பக்கம் விழும், எப்போது விலக வேண்டும் என்பதை உடம்புதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

விழுந்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். அடிபட்ட பழத்தில் எண்ணெய் கெட ஆரம்பிக்கும். ஆலையில் முதல் வேலையே நீராவியில் வேகவைத்து அதை நிறுத்துவது. சதையிலிருந்து வருவது பாமாயில். உள்ளே இருக்கும் பருப்பிலிருந்து வேறோர் எண்ணெய். சோப்பு, அழகுப் பொருள்களுக்குப் போகும். ஒரு ஹெக்டேரில் வருடத்துக்கு 3 முதல் 4 டன் எண்ணெய். வேறெந்த எண்ணெய் வித்தும் இதன் பக்கத்தில்கூட வராது. அதனால்தான் இதற்காகக் காடுகள் அழிந்தன என்பதும் உண்மை. மின்மினி பார்க்கும் ஆற்றங்கரையிலும் மரங்களை அழித்து நிலம் திருத்தியது, மின்மினிகள் குறைந்ததற்கு ஒரு காரணம்.

ஆண்கள் குலை வெட்ட, பெண்கள் உதிரிப் பழம் பொறுக்கினார்கள், உரம் போட்டார்கள், முதுகில் டப்பா கட்டிக்கொண்டு களைக்கொல்லி தெளித்தார்கள். தெளிப்பவர்களில் தமிழ்ப் பெண்கள் அதிகம். பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லியும் அதில் ஒன்று. மலேசியாவில் அதற்குத் தடை வந்தது 2020-ல்.

25 வருடக் கணக்கு

செம்பனைக்குப் பணி ஓய்வு வயது 25. அதற்கு மேல் உயரம் எட்டாது, மகசூலும் குறையும். இயந்திரம் வந்து மரத்தைச் சாய்த்து, தண்டைச் சீவித் துண்டாக்கி அங்கேயே மக்கவிடும். பக்கத்திலேயே அடுத்த நாற்று.

தோட்டத்து மனிதர்களின் கணக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். பிள்ளைகளில் ஒருவராவது தோட்ட வேலைக்குப் பெயர் கொடுத்தால் குடும்பம் தொடர்ந்து இருக்கலாம். அப்பா செம்பனை வெட்டிய அதே வரிசையில் மகனும் வெட்டியதற்கு, பல வீடுகளில் காரணம் தொழில் பக்தி அல்ல. தலைக்கு மேல் கூரை வேண்டும், அவ்வளவுதான்.

1980-களிலும் 90-களிலும் நகரம் தோட்டத்துக்குள் வந்தது. குடியிருப்பு, தொழிற்பேட்டை, விமான நிலையம் என்று தோட்டங்கள் கைமாறின. மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா நிற்பதே பிராங் பெசார் என்ற பழைய தோட்டத்தின் மேல்தான். தோட்டக் குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கும் நகர ஓரங்களுக்கும் நகர்ந்தன. பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குப் போனார்கள். பலர் நன்றாகவே இருக்கிறார்கள். சிலர் நிலமும் இல்லாமல் வீடும் இல்லாமல் திணறினார்கள். இன்று மலேசியத் தோட்டங்களில் குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்கதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள்.

மிச்சம் இருப்பவை கோயில்களும் பள்ளிகளும். மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உண்டு. பலவற்றின் பெயரில் "லாடாங்" என்ற மலாய்ச் சொல் இருக்கும். தோட்டம் என்று அர்த்தம். தோட்டம் விற்றுப்போய், பள்ளி நகரத்துக்கு இடம் மாறிய பிறகும் "லாடாங்" பெயரில் ஒட்டிக்கொண்டே போவது உண்டு.

நம்ம ஊரில்?

இந்தியாவும் இந்த மரத்தை நடுகிறது. 2021-ல் மத்திய அரசு இதற்கென தேசிய இயக்கம் தொடங்கியது. ஆந்திராவும் தெலங்கானாவும் முன்னணியில் இருக்கின்றன. தமிழ்நாட்டிலும் எண்ணெய்ப் பனை என்ற பெயரில் பயிரிடுகிறார்கள். நடும் முன் யோசிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தண்ணீர். இது வருடத்துக்கு 2,000 மி.மீ. மழை கேட்கும் மரம். தமிழ்நாட்டின் சராசரி அதில் பாதிகூட இல்லை. கோடையில் ஒரு மரத்துக்கு நாளுக்கு 150 முதல் 200 லிட்டர் வரை பாசனம் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு, ஆலை. குலையை வெட்டி வீட்டில் வைத்து விலை ஏறட்டும் என்று காத்திருக்க முடியாது. 24 மணி நேரத்துக்குள் போய்ச்சேரும் தூரத்தில் ஆலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குழி வெட்ட வேண்டும்.

போகிறவர்களுக்கு...

மின்மினிப் பயணத்தை மாலையில் வைத்துக்கொண்டு, பகலில் பெஸ்தாரி ஜெயா பக்கம் போகலாம். தோட்டங்கள் தனியார் இடம். அனுமதி இல்லாமல் உள்ளே நுழையக்கூடாது. சாலையோரமாக நின்று பார்த்தாலே போதும். சாய்ந்த வெயிலில் வரிசை வரிசையாக நீளும் மரங்களின் நிழல், கம்பத்தில் கூகையின் பெட்டி, குலை ஏற்றிப் போகும் லாரி, அது உதிர்த்துவிட்டுப் போகும் ஆரஞ்சு நிறப் பழங்கள்.

லாரி ஓட்டுநரிடம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்வார். அவர் மலாய்க்காரராக இருக்கலாம், இந்தோனேசியராக இருக்கலாம். தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் சொல்கிற பெயர் என்னவோ, "தென்னமரம்" என்பதுதான்.